பச்சையாகவே வாடும் கத்தரி

காலையில் தண்ணீர் ஊற்றியபோது செடி நன்றாகத்தான் இருந்தது. உச்சி வெயிலில் இலைகள் துவண்டு தொங்கின. பொழுது சாய்ந்ததும் தலைதூக்கின. வெயிலின் கொடுமை என்று எண்ணிக் கூடுதலாக ஒரு வாளி ஊற்றினேன். நான்காம் நாள் செடி எழவேயில்லை. இலையில் மஞ்சளில்லை, புள்ளியில்லை, புழுவில்லை. பச்சை நிறம் மாறாமலே செத்திருந்தது. சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில், ஒரே பாத்தியில் ஆறு கத்தரிச் செடிகள் இப்படி அடுத்தடுத்துப் போயின.

"வேரில் பூச்சி விழுந்திருக்கும் தம்பி, மருந்து ஊற்றுங்கள்" என்றார் பக்கத்துப் பாத்தி அக்கா. மருந்துக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்து பார்த்தேன். வாடிய செடியின் அடித்தண்டில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் நீருக்குள் இருக்குமாறு அந்தத் துண்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். தம்ளரை அசைக்கக்கூடாது. மூன்று நிமிடம் ஆகியிருக்கும்; வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் மெல்லிய இழைகள் நூல்நூலாகக் கீழே இறங்கின. அவ்வளவும் உயிருள்ள பாக்டீரியா. பூஞ்சையால் வாடிய செடியில் இந்த இழை இறங்காது.

இதன் பெயர் ரால்ஸ்டோனியா சொலனேசியாரம். அமெரிக்கத் தாவர நோயியலாளர் எர்வின் ஸ்மித் 1896ல் இதை விவரித்தார். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, இஞ்சி, வாழை என்று இருநூறுக்கும் மேற்பட்ட தாவர இனங்களைத் தாக்கக்கூடியது. பக்கவேர் கிளைக்கும் இடத்தில் விழும் சிறு வெடிப்பு, நூற்புழு கடித்த வாய், நம் கொத்து பட்ட காயம் என்று எந்த வழி கிடைத்தாலும் உள்ளே நுழையும். நுழைந்ததும் செடியின் நீர்க்குழாய்களுக்குள் ஏறிப் பெருகும்.

அது பெருகும் விதம்தான் என்னை வியக்க வைக்கிறது. ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு வேதிப்பொருளைச் சிறிது சிறிதாகக் கசியவிடுகிறது. கூட்டம் சிறிதாக இருக்கும்வரை அந்தப் பொருள் நீர்த்துப் போய்விடும். கூட்டம் பெருகினால் அதன் செறிவும் கூடும். ஓர் அளவைத் தாண்டியதும், "நாம் போதுமான பேர் சேர்ந்துவிட்டோம்" என்று அவை உணர்ந்ததுபோல, எல்லாம் சேர்ந்து கொழகொழப்பான சர்க்கரைப் பசையைச் சுரக்கத் தொடங்குகின்றன. நீர்க்குழாய்களை அடைப்பது அந்தப் பசை. மண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் இலைக்கு ஒரு சொட்டும் ஏறாது. நான் ஊற்றிய கூடுதல் வாளி செடிக்கு உதவவில்லை; நோய் அடுத்த வேருக்கு நீந்திப் போகத்தான் உதவியது.

ஊரில் "கோடை உழவு கோடி நன்மை" என்பார்கள். சித்திரை வெயிலில் மண்ணைப் புரட்டிக் காயவைத்தால் பாதி நோய் அங்கேயே அடங்கும். சிங்கப்பூரில் அந்தக் கோடை வருவதில்லை. 30 டிகிரியை ஒட்டிய வெப்பமும் ஈரமும் இந்தப் பாக்டீரியாவுக்கு மிகப் பிடித்தவை. இரண்டும் இங்கே ஆண்டு முழுவதும் உண்டு. போதாக்குறைக்கு ஓயாத மழை சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போவதால் மண் புளித்துப்போகிறது, அதாவது அமிலத்தன்மை கூடிவிடுகிறது. புளித்த மண்ணில் வாடல் நோய் இன்னும் மூர்க்கமாகும்.

அப்படியானால் மண்ணைச் சுட்டுவிடலாமே? செடிக்கடைகளில் சுட்ட மண் மூட்டையாகக் கிடைக்கிறது. நாற்றுத் தட்டுக்கு அது சரி. ஆனால் பாத்தி முழுவதையும் அதனால் நிரப்புவதை நான் ஏற்கமாட்டேன். காரணம், சுட்ட மண் ஆளில்லாத வீடு. பக்கத்திலிருந்து கொஞ்சம் நோய்க்கிருமி மழைநீரோடு வந்துவிட்டால் போதும், எதிர்ப்பார் இல்லாமல் வீடு முழுவதும் பரவிவிடும். உயிருள்ள மண்ணில் அதே கிருமி அவ்வளவு எளிதில் காலூன்ற முடியாது. நோயை இயல்பாகவே அடக்கி வைக்கும் மண்கள் உலகில் பல இடங்களில் உண்டு. அவற்றில் பலவற்றைச் சூடாக்கினால் அந்தக் குணம் போய்விடுகிறது. காப்பாற்றி வந்தவை அந்த மண்ணில் வாழ்ந்த உயிர்கள் என்பதற்கு இது நல்ல சாட்சி.

வளமான மண்ணில் ஒரு கிராமுக்குள் நூறு கோடி பாக்டீரியா வரை இருக்கும். அவை வேரை ஒட்டித்தான் நெருக்கமாகக் கூடுகின்றன. செடி தான் சமைத்த சர்க்கரையிலும் அமினோ அமிலங்களிலும் ஒரு பங்கை வேர்வழியே கசியவிடுவதால் அங்கே எப்போதும் பந்தி நடக்கிறது. அந்த மெல்லிய மண் வளையத்துக்கு 1904ல் ஜெர்மானியரான லோரன்ஸ் ஹில்ட்னர் தனிப் பெயரே சூட்டினார். தமிழில் வேர்மண்டலம் என்கிறோம். ரால்ஸ்டோனியாவும் அதே பந்திக்குத்தான் வருகிறது. பந்தி நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தால் அதற்கு இடமில்லை. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பொருளைச் சுரந்து, மற்றவற்றுக்கு இரும்புச் சத்தே கிடைக்காமல் செய்கிறது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற இன்னொரு பாக்டீரியா நுண்ணுயிர்க்கொல்லிகளைச் சுரக்கிறது. மழை பெய்ததும் எழும் மண்வாசனைக்கும் பெரும்பாலும் அதுவே காரணம்.

டிரைக்கோடெர்மா பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தப் பூஞ்சை மற்றப் பூஞ்சைகளைச் சுற்றி வளைத்து, அவற்றின் சுவரைக் கரைத்து உண்ணும். நாற்றழுகலுக்கு அருமையானது. ஆனால் பாக்டீரியா வாடலுக்கு இதையே மருந்து என்று நம்பி வாங்கி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தம்ளர் சோதனை முதலில், டிரைக்கோடெர்மா பொடி பிறகு.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். வாடிய செடிகளை வேர்மண்ணோடு பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டோம், எருக்குழியில் போடவில்லை. கத்தியையும் கொத்தையும் கழுவிக் கிருமிநாசினியால் துடைத்தோம். பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, மண்ணின் புளிப்பைக் குறைக்க டோலமைட் சுண்ணாம்பு கலந்து, நன்றாக மக்கிய எருவை இட்டோம். மக்காத பச்சைக் கழிவு கூடவே கூடாது. அழுகல் பூஞ்சைகளுக்கு அது விருந்து. அந்தப் பாத்தியில் சோளமும் பயற்றங்காயும் போட்டுக் கத்தரிக் குடும்பத்தை விலக்கி வைத்தோம். இதனால் கிருமி அடியோடு ஒழியாது. மண்ணின் ஆழத்திலும் களைகளின் வேரிலும் நெடுநாள் தங்கும்.

அதனால் அடுத்த முறை கத்தரியைச் சுண்டைக்காய்ச் செடிமேல் ஒட்டினோம். வத்தக்குழம்புக்கு நாம் தேடும் அதே சுண்டைக்காய். பறவைகள் விதைத்து இங்கே புதரோரங்களில் தானாக முளைத்துக் கிடக்கிறது. அதன் வேர் இந்த நோயை நன்றாகத் தாங்கும். கிருமி உள்ளே புகுந்தாலும் தண்டில் மேலேற முடியாமல் தடுமாறும். சுண்டை மெதுவாக முளைப்பதால் அதைச் சில வாரம் முன்னதாகவே விதைக்க வேண்டும். இரண்டு தண்டும் பென்சில் முனையளவு தடித்ததும் சாய்வாக வெட்டிப் பொருத்தி, கிளிப் மாட்டி, ஒரு வாரம் நிழலில் பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் காயாமல் வைத்திருந்தோம். நடும்போது அக்காவிடம் ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்: ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். மண்ணுக்குள் போனால் கத்தரித் தண்டும் தன் சொந்த வேரை மண்ணில் இறக்கிவிடும், கிருமிக்குப் பழைய வாசல் திறந்துவிடும். அக்கா குனிந்து, ஒவ்வொரு செடியின் அடியிலும் மண்ணை விரலால் ஒதுக்கி, கிளிப் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனார்.