பான்ஃபிஷ்: வறுசட்டி அளவு மீனும் அதற்கேற்ற தூண்டிலும்

வட அமெரிக்க நன்னீர் மீன்பிடிப்பைப் பற்றித் தமிழில் எழுத முற்படுபவர் முதலில் தடுமாறும் சொல் ‘பான்ஃபிஷ்’. ஒரு மீன் இனத்தின் பெயரைப் போல ஒலிக்கும் இச்சொல் எந்த ஒரு தனி இனத்தையும் குறிப்பதன்று. ‘பான்’ என்பது வறுக்கும் சட்டி. துண்டு போடாமல் முழுதாக அந்தச் சட்டிக்குள் அடங்கும் அளவுள்ள, உண்ணத்தக்க நன்னீர் மீன் எதுவாயினும் அது பான்ஃபிஷ் ஆகும். பெயரைச் சூட்டியது அடுக்களையே அன்றி விலங்கியல் அன்று. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், இம்மீன்களுக்கு உரிய கோல், நரம்பு எனப்படும் தூண்டில் இழை, அதைச் சுற்றிவைக்கும் ரீல் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையும் பெரும்பாலும் தெளிவாகிவிடும்; ஏனெனில் சொல்லுக்குள் இருக்கும் ‘சிறியது’ என்னும் பொருளே கருவியின் அளவையும் தீர்மானிக்கிறது.

இச்சொல்லின் கீழ் வழக்கமாக அடங்குபவை ப்ளூகில், பம்ப்கின்சீட், ரெட்இயர் போன்ற சன்ஃபிஷ் வகைகள், கறுப்புக் கிராப்பி, வெள்ளைக் கிராப்பி, ராக் பாஸ், மஞ்சள் பெர்ச் ஆகியவை. இவற்றுள் பெர்ச் தவிர மற்றவை யாவும் வட அமெரிக்காவை மட்டுமே இயல்பான தாயகமாகக் கொண்ட சென்ட்ரார்க்கிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. ப்ளூகில் மீனை 1819-இல் ரஃபினெஸ்க் என்னும் இயற்கையியலாளர் அறிவியல் முறைப்படி விவரித்தார். கிராப்பி என்னும் பெயர் கனடியப் பிரெஞ்சின் ‘கிராப்பே’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. அதே மீனை லூசியானாவில் ‘சாக்கலே’ என்பர். தென் மாநிலங்களில் சன்ஃபிஷ் வகைகளைப் பொதுவாக ‘ப்ரிம்’ என்று அழைப்பர். ஊருக்கு ஊர் பெயர் மாறும் இத்தனை மீன்களையும் ஒரே கூடையில் இடுவதற்கு ஒரு பொதுச்சொல் தேவைப்பட்டதில் வியப்பில்லை. பேச்சு வழக்கிலிருந்து சட்டத்துக்குள்ளும் இச்சொல் நுழைந்துவிட்டது: விஸ்கான்சின் மாநில மீன்பிடி விதிகள் பான்ஃபிஷ் என்பதை ஒரு வகைப்பாடாகவே கொண்டு, பல நீர்நிலைகளில் அவ்வகை மீன்கள் அனைத்தும் சேர்ந்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 என வரம்பு வைத்திருக்கின்றன.

தமிழில் இதற்கு என்ன சொல்லலாம்? ‘சட்டிமீன்’ என்பது சொல்லுக்குச் சொல் சரியாகத் தோன்றினாலும், நம் வழக்கில் மீன்சட்டி என்றால் குழம்பு கொதிக்கும் மண்சட்டிதான் நினைவுக்கு வரும். பொருள் வறுவலிலிருந்து குழம்புக்கு மாறிவிடும். ‘பொடிமீன்’ என்றால் நெத்திலி அளவுக்கு இறங்கிவிடும்; ஒரு சாண் நீளமுள்ள ப்ளூகில் அதில் அடங்காது. ‘பொரிமீன்’ சமைத்து முடித்த பண்டத்தைக் குறித்துவிடும். சிலர் எளிதாக ‘கெண்டை’ என்று எழுதிவிடுகின்றனர். அது முற்றிலும் வேறு குடும்பம் என்பதால் அதனை ஏற்க இயலாது. சன்ஃபிஷ் என்பதைச் ‘சூரியமீன்’ ஆக்குவதிலும் ஓர் இடர் உண்டு. பெருங்கடலில் வாழும், ஓர் ஆளைவிடப் பெரிதாக வளரும் மோலா மீனுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர் இருப்பதால், படிப்பவர் குளத்து மீனைக் கடல் மீனாக எண்ணிவிடக்கூடும். மீன் அங்காடியில் ‘குழம்புக்கா, வறுவலுக்கா’ என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இருப்பதால், சமைக்கும் முறையால் மீனை வகுப்பது தமிழருக்கும் புதிதன்று. ஆனால் ‘வறுவல் மீன்’ என்று மட்டும் சொன்னால் துண்டு போட்ட வஞ்சிரமும் அதில் வந்துவிடும். ஆகவே கலத்தின் அளவையும் உள்ளடக்கிய ‘வறுசட்டி மீன்’ என்பதே பொருத்தம் என்பது என் முடிவு. கட்டுரையின் தொடக்கத்தில் பான்ஃபிஷ் என்ற சொல்லையும் உடன் வைத்துவிட்டு, பின்னர் தமிழ்ச்சொல்லைத் தொடரலாம்.

இனிக் கருவிக்கு வருவோம். தூண்டில் என்பதைத் தூண்டு என்னும் வினையோடு இயைத்துப் பொருள் காண்பது வழக்கம். இன்று கோலும் நரம்பும் முள்ளும் சேர்ந்த முழுக் கருவியையும் தூண்டில் என்கிறோம். ஆனால் ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று’ என்று குறள் (931) சொல்லும்போது, மீன் விழுங்குவது இரைக்குள் மறைந்திருக்கும் இரும்பு முள்ளைத்தான். ஆங்கிலத்திலும் தூண்டில் மீன்பிடிப்பைக் குறிக்கும் ‘ஆங்ளிங்’ என்னும் சொல் முள்ளைக் குறித்த பழைய சொல்லிலிருந்தே பிறந்தது. உறுப்புகளுக்குத் தனித்தனிப் பெயர் வேண்டுமென்றால் பெரும்பாணாற்றுப்படையைத் திறந்தால் போதும். பாண்மகன் ஒருவன் மீன்பிடிக்கும் காட்சியில் ‘நெடுங்கழைத் தூண்டில் நடுங்க நாண் கொளீஇ, கொடுவாய் இரும்பின் மடிதலை புலம்பப் பொதியிரை கதுவிய போழ்வாய் வாளை’ என்று வருகிறது. கழை என்பது மூங்கிற்கோல். நாண் என்பது கயிறு. கொடுவாய் இரும்பு என்பது வளைந்த முள். பொதியிரை என்பது முள்ளை மூடிய இரை. நான்கு உறுப்புகளுக்கும் நான்கு சொற்கள் அங்கே இருக்கின்றன. அதனினும் எனக்கு அருமையாகப் படுவது ‘நடுங்க’ என்னும் ஒரு சொல். மீன் தொட்டவுடன் கோல் நடுங்குவதைக் கைக்கு உணர்த்துவதே நல்ல தூண்டிலின் இலக்கணம். சிறிய மீனுக்கான கோலைத் தேர்ந்தெடுப்பவர் இன்றும் தேடுவது அந்த நடுக்கத்தைத்தான்.

கோலைப் பற்றிய ஆங்கிலச் சொற்களில் இரண்டு தமிழில் தவறாகவே வழங்குகின்றன. ‘பவர்’ என்பதைத் ‘திறன்’ என்றும், ‘ஆக்‌ஷன்’ என்பதைச் ‘செயல்’ என்றும் பெயர்த்துவிட்டால் வாங்குபவருக்கு ஒன்றும் விளங்காது. முதலாவது, கோலை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதைச் சொல்வது. அதனை ‘விறைப்பு’ எனலாம். இரண்டாவது, கோல் எந்த இடத்தில் வளையத் தொடங்குகிறது என்பதைச் சொல்வது. அதற்கு ‘வளைவிடம்’ என்பது பொருந்தும். நுனி மட்டும் வளைந்தால் விரைவு வகை, நடுப்பகுதி வரை வளைந்தால் மிதவகை, கைப்பிடிக்கு அருகிலிருந்தே வளைந்தால் மெதுவகை. ‘அல்ட்ராலைட்’ என்று கோலின் மேல் அச்சிட்டிருப்பது விறைப்பின் மிகக் குறைந்த படியையே குறிக்கிறதன்றிக் கோலின் எடையை அன்று. ஆகவே ‘மீஇலகு’ என்பதைவிட ‘மிகுநெகிழ்’ கோல் என்பதே பொருளுக்கு நெருக்கமானது.

வறுசட்டி மீனுக்கு இந்த மிகுநெகிழ் கோல்தான் வேண்டும். காரணம் இரையின் எடை. ப்ளூகில் மீனின் வாய் மிகச் சிறியது. அதில் நுழையும் ஈயத்தலை முள் ஓர் அவுன்சில் 64-இல் ஒரு பங்கு முதல் 16-இல் ஒரு பங்கு வரை, அதாவது ஏறத்தாழ 0.4 கிராம் முதல் 1.8 கிராம் வரைதான் இருக்கும். கோலை வீசும்போது இரையின் எடை கோலைப் பின்னோக்கி வளைக்க வேண்டும். அந்த வளைவு நிமிரும் விசையே இரையை முன்னே எறிகிறது. ஒரு கிராம் எடையால் விறைப்பான கோலை வளைக்க முடியாது என்பதால், அதைக் கொண்டு எவ்வளவு வலுவாக வீசினாலும் இரை காலடியிலேயே விழும். கைப்பிடிக்குச் சற்று மேலே அச்சிட்டிருக்கும் இரை எடை வரம்பைப் படிப்பது, விலையைப் படிப்பதைவிட முதன்மையானது. நீளம் 5 முதல் 6.5 அடி வரை இருந்தால் படகிலும் மரமடர்ந்த கரையிலும் வசதியாக இருக்கும். வளைவிடத்தைப் பொறுத்தவரை நான் மிதவகையையே பரிந்துரைப்பேன். கிராப்பியின் வாயோரத் தோல் காகிதம் போல மெல்லியது, விறைப்பான நுனியால் வெடுக்கென்று இழுத்தால் முள் அதைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். உறைந்த ஏரியில் துளையிட்டுப் பிடிப்பவர்களின் கோல் இரண்டடியை ஒட்டியே இருக்கும். அங்கே வீசுதல் என்பதே இல்லை.

ரீல் என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் நூற்ற நூலைச் சுற்றிவைக்கும் கருவியைக் குறித்தது. நூற்பாலையோடு அதற்குள்ள உறவு அத்துடன் முடியவில்லை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் நெசவுத் தொழிலைச் சார்ந்திருந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், ஆலையில் நூற்கண்டின் முனைவழியாக நூல் தானே கழன்று வருவதைத் தூண்டிலுக்குப் பொருத்தி, 1905-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய ஸ்பின்னிங் ரீலின் தொடக்கம் அதுவே. அதன் கண்டு, அதாவது நரம்பு சுற்றியிருக்கும் பகுதி, வீசும்போது சுழல்வதில்லை. நரம்பு மட்டும் சுருள் சுருளாகக் கழன்று போகிறது. அதற்கு மாறாக பெய்ட்காஸ்டிங் ரீலில் கண்டே சுழன்றாக வேண்டும். அதைச் சுழற்றும் வேலையைப் பறந்து செல்லும் இரையே செய்ய வேண்டும். ஒரு கிராம் இரையால் அது இயலாது என்பதனால், கண்டு திணறி நரம்பு சிக்கிக்கொள்ளும். வறுசட்டி மீனுக்கு ஸ்பின்னிங் ரீலே உகந்தது என்று எல்லோரும் சொல்வதன் காரணம் இந்த இயக்கவியல்தான். கடையில் 500 அல்லது 1000 என்று குறித்த சிறிய அளவு போதுமானது. மூடிய மூக்கும் பொத்தானும் கொண்ட ஸ்பின்காஸ்ட் ரீல், குழந்தைகள் முதன்முதலாகப் பழக ஏற்றது.

ரீலுக்குத் தமிழ்ச்சொல் தேடுபவர்கள் ‘உருளை’ என்கின்றனர். கண்டு உருளாமல் நிற்பதே ஸ்பின்னிங் ரீலின் சிறப்பு என்னும்போது அப்பெயர் கருவியின் இயல்புக்கு எதிரானது. நூல் ரீல் என்று தையற்கடைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் சொல்லாதலால் ரீல் என்பதை அப்படியே ஏற்றுக்கொண்டு, நரம்பைத் தாங்கும் பகுதிக்கு மட்டும் ‘கண்டு’ என்னும் நம் சொல்லைப் பயன்படுத்துவது நேர்மையானது.

நரம்புக்கு வருவோம். ஆங்கிலத்தின் ‘லைன்’ ஆளிச்செடியின் நாரைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. லினன் துணிக்கும் அதுவே மூலம். நமது கரைகளில் நைலான் ஒற்றை இழையைத் தங்கூஸ் என்றும் நரம்பு என்றும் சொல்கின்றனர்; இலங்கையில் தங்கூசி என்பர். பழைய இலக்கியச் சொல்லான நாண் அழகியது எனினும், மீனவர் வாயில் வாழும் நரம்பு என்பதையே நான் முதலில் வைப்பேன். உறையில் ‘4 பவுண்டு டெஸ்ட்’ என்றிருப்பதைப் ‘பவுண்டு சோதனை’ என்று பெயர்ப்பது பிழை. அந்நரம்பு எவ்வளவு இழுப்பில் அறும் என்பதையே அது சொல்கிறது. ‘அறுவிசை 4 பவுண்டு’, அதாவது ஏறத்தாழ 1.8 கிலோ, என்று எழுத வேண்டும்.

2 முதல் 6 பவுண்டு வரையிலான அறுவிசை இம்மீன்களுக்குப் போதும். ஒரே நரம்புதான் வாங்க முடியும் என்பவருக்கு 4 பவுண்டு நைலானே என் விடை. இது மிகக் குறைவு என்று அஞ்சுபவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம்: 1950-இல் அலபாமாவின் கெடோனா ஏரியில் பிடிபட்டு உலகச் சாதனையாகப் பதிவான ப்ளூகில் மீனின் எடையே 4 பவுண்டு 12 அவுன்ஸ்தான்; நெகிழும் கோலும், அளவோடு நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் இழுதடையும் துணையிருந்தால் அத்தகைய மீனைக்கூட மெல்லிய நரம்பில் களைக்கவைத்துக் கரைசேர்க்கலாம். தடித்த நரம்போ சிறிய கண்டில் சுருண்ட வடிவத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, வீச்சைக் குறைத்து, ஒரு கிராம் இரை இயல்பாக அமிழ்வதையும் தடுத்துவிடும். ஃபுளோரோகார்பன் நைலானைவிட அடர்த்தியானது என்பதால் விரைந்து அமிழும். அதன் ஒளிவிலகல் எண் 1.42, நீரின் எண்ணாகிய 1.33-க்கு நைலானைவிட நெருங்கியது என்பதால் தெளிந்த நீரில் கண்ணுக்குச் சற்றுக் குறைவாகத் தெரியும். ஆனால் விறைப்பு மிகுதி. சிறிய கண்டு முழுதும் அதை நிரப்புவதைவிட முள்ளை ஒட்டிய இரண்டடிக்கு மட்டும் கட்டுவது நல்லது. பின்னல் நரம்பு நீளாது. ஆகவே நடுக்கத்தைத் தெளிவாகக் கைக்குக் கொண்டுவரும், ஆனால் அதே காரணத்தால் கிராப்பியின் வாயைக் கிழிக்கவும் செய்யும்.

இத்தனைக்கும் பிறகு, ரீலே இல்லாத கோல் ஒன்று இம்மீன்களுக்கு இன்றும் பயன்படுகிறது என்பதைச் சொல்லாமல் விட இயலாது. அமெரிக்கத் தென் மாநிலங்களில் ‘கேன் போல்’ எனப்படுவது பத்தடிக்கும் மேற்பட்ட மூங்கிற்கோல். நுனியில் கோலின் நீளத்துக்கே நரம்பைக் கட்டி, ஒரு மெல்லிய தக்கையும் சிறு முள்ளும் பொருத்தியிருப்பர். வசந்தத்தில் ப்ளூகில் மீன்கள் கரையோர ஆழமற்ற நீரில் கூட்டமாகக் குழிபறித்து முட்டையிடும்போது, தொலைவுக்கு வீச வேண்டிய தேவையே இராது. குழிக்கு மேலே கோலை நீட்டி இரையை ஓசையின்றி இறக்கினால் போதும். இதற்கு மட்டும் புதுச்சொல் ஆக்க வேண்டியதில்லை. ‘நெடுங்கழைத் தூண்டில்’ என்பதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எடுத்தாளலாம்.