பழைய மக் கணினிகள் கடல் தாண்டி ஒன்றையொன்று எப்படிக் கண்டுபிடிக்கின்றன?

கொக்குவிலில் இருந்து ஒரு மாணவர் கேட்டிருந்தார்: "முப்பது வருடத்துக்கு முந்தைய மக்கின்டோஷை வைத்துக்கொண்டு வேறு நாட்டில் ஒருவருடைய வீட்டுப் பிரிண்டரில் அச்சடிக்கிறார்களாம். அந்தக் கணினிகளும் அந்தப் பிரிண்டர்களும் இன்டர்நெட்டுக்காகச் செய்யப்பட்டவை இல்லையே, எப்படி முடிகிறது?"

முடிகிறது, அதுவும் மிக அழகாக. அவர்கள் இணைப்பது அப்பிள்டோக் என்ற பழைய வலையமைப்புகளை. அப்பிள் நிறுவனம் 1985இல் வெளியிட்டது, லோக்கல்டோக் என்ற அதன் கேபிளில் வேகம் நொடிக்கு 230.4 கிலோபிட்தான், பிறகு சாதாரண தொலைபேசி வயரிலும் ஓடியது, அதன்பின் ஈதர்நெட்டுக்கும் வந்தது. 2009இல் வந்த மக் ஓஎஸ் 10.6இல் அப்பிள் அதை அடியோடு எடுத்துவிட்டது. ஆனால் 2024 மார்ச்சில் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் தங்கள் வீடுகளில் தனித்தனியாகக் கிடந்த அப்பிள்டோக் வலையமைப்புகளை ஒன்றோடொன்று தொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு குளோபல்டோக் என்று பெயர்.

முகவரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு இலக்கங்கள்: அது இருக்கும் வலையமைப்பின் இலக்கம் 16 பிட், கணினியின் சொந்த இலக்கம் 8 பிட். சொந்த இலக்கத்தை யாரும் கொடுப்பதில்லை. கணினியைப் போட்டதும் அது தானாக ஓர் இலக்கத்தை எடுத்து, "இது வேறு யாரிடமாவது இருக்கிறதா?" என்று கேபிளில் கேட்கும். பதில் வராவிட்டால் அதுவே தன்னுடையது, வந்தால் வேறோர் இலக்கம்.

இலக்கம் இப்படி மாறக்கூடியது என்றால் பிரிண்டரை எதை வைத்துத் தேடுவது? பெயரை வைத்து. எனக்கு அப்பிள்டோக்கில் மிகப் பிடித்த இடம் இதுதான். ஒவ்வொரு சேவைக்கும் மூன்று துண்டுகள் கொண்ட பெயர் உண்டு: அதன் பெயர், அதன் வகை, அது இருக்கும் வலயம், அதாவது வலையமைப்புகளைத் தொகுத்து இட்ட குழுப்பெயர். நீங்கள் சூசரை, அதாவது பழைய மக்கில் பிரிண்டரைத் தெரிவு செய்யும் சிறு நிரலைத் திறந்து, லேசர்ரைட்டர் என்ற அப்பிள் பிரிண்டரின் படத்தை அழுத்தி ஒரு வலயத்தைத் தெரிவு செய்தால், உங்கள் மக் கேட்கும் கேள்வி இவ்வளவுதான்: "பெயர் எதுவானாலும் சரி, வகை லேசர்ரைட்டர், இந்த வலயத்தில் யார் இருக்கிறீர்கள்?"

இந்தக் கேள்வி போகும் பாதையைப் பாருங்கள். தெரியாத ஊருக்குப் போய்ச் சந்திக் கடைக்காரரிடம் "இங்கே தச்சர் யாரும் இருக்கிறார்களா, நான் இந்த வீட்டில் நிற்கிறேன்" என்று சொல்கிறீர்கள், அவர் ஒழுங்கைக்கு ஒரு பொடியனை அனுப்புகிறார், பொடியன் ஒழுங்கை முகப்பில் நின்று கூப்பிடுகிறான், தச்சர்கள் கடைக்காரரிடம் போகாமல் நேரே உங்களிடமே வந்துவிடுகிறார்கள். அப்பிள்டோக்கும் அப்படியே. மக் தன் ரவுட்டரிடம் மட்டும் கேட்கிறது. எந்த வலயத்தில் எந்தெந்த வலையமைப்புகள் என்ற அட்டவணை ரவுட்டரிடம் இருக்கிறது, அதனால் அந்த வலையமைப்புகளுக்கு மட்டும் தனித்தனியாகக் கேள்வியை அனுப்புகிறது. அங்கே கடைசியில் உள்ள ரவுட்டர்தான் அதைத் தன் கேபிளில் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிக்கிறது. கேட்டவரின் முகவரி கேள்விக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதால், பொருந்தும் பிரிண்டர் நேரே கேட்டவருக்குப் பதில் அனுப்பிவிடும். நடுவில் எந்தப் பெயர்ப் பட்டியலும் இல்லை, எந்தத் தலைமைச் சேர்வரும் இல்லை! சூசர் திறந்திருக்கும்வரை மக் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கும், ஆகவே தூரத்துப் பிரிண்டர்கள் கொஞ்சம் பிந்தி ஒவ்வொன்றாகப் பட்டியலில் வந்து சேர்வதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரே கட்டடத்துக்காக யோசித்த முறை இன்று கண்டங்களுக்கு இடையே அப்படியே வேலை செய்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

சரி, இரண்டு வீடுகளுக்கு நடுவே இருக்கும் இன்டர்நெட்டை எப்படித் தாண்டுவது? அதற்கான வழியை அப்பிளே 1993இல் எழுதி வைத்தது, ஏயுஆர்பி என்று பெயர், இன்டர்நெட் விதிமுறைகளை எழுதிவைக்கும் ஆர்எஃப்சி என்ற ஆவண வரிசையில் 1504ஆம் ஆவணமாக வெளிவந்தது. அப்பிள்டோக்கின் ஒரு பொதியை, அதாவது ஒரு தரவுத் துண்டை, அப்படியே யுடிபி என்ற இன்டர்நெட் முறையின் பொதிக்குள் வைத்து 387ஆம் போர்ட்டுக்கு அனுப்புவது, மறுபக்கத்து ரவுட்டர் பிரித்தெடுத்துத் தன் கேபிளில் விடுவது. இதில் ஒரு நல்ல சிக்கனமும் இருக்கிறது. சாதாரண அப்பிள்டோக் ரவுட்டர்கள் 10 நொடிக்கு ஒருமுறை தங்கள் அட்டவணையை ஊருக்கெல்லாம் சொல்லும், அதை அன்றைய மோடம் இணைப்பில் செய்தால் வேறு எதற்கும் இடமிருக்காது. ஏயுஆர்பி முதல் தடவை மட்டும் முழு அட்டவணையைக் கொடுக்கும், அதன்பின் மாற்றம் வந்தால் மட்டுமே பேசும்.

மிஞ்சுவது மனிதர்கள் பார்க்கவேண்டிய வேலை. இரண்டு வீட்டார் ஒரே வலையமைப்பு இலக்கத்தை வைத்திருந்தால் எல்லாம் குழம்பும், ஆகவே சேருபவர்கள் தங்கள் இலக்கத்தையும் வலயத்தின் பெயரையும் ஒரு பொதுப் பட்டியலில் பதிந்துவிட்டுத்தான் வரவேண்டும். ரவுட்டருக்குப் பழைய மக் கட்டாயம் இல்லை, கியூஈஎம்யு என்ற மென்பொருளில் குவாட்ரா 800 என்ற பழைய மக்கைப் போலி செய்து அதற்குள் அப்பிளின் ரவுட்டர் மென்பொருளை ஓட்டலாம்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மக்கின்டோஷின் 400, 800 கிலோபைட் புளொப்பிகளைச் சாதாரண பிசி டிரைவில் படிக்கவே முடியாது, ஏனென்றால் அந்த மக் டிரைவ்கள் உள் வட்டத்துக்கு ஒரு வேகம் வெளி வட்டத்துக்கு ஒரு வேகம் என்று சுழல்பவை. அப்படிப்பட்ட புளொப்பியில் ஒரு மலரோ சஞ்சிகையோ கிடந்தால், ஒரு பழைய மக்கைக்கொண்டு படித்து, அப்பிள்டோக் வழியாக ஒரு லினக்ஸ் கணினிக்குக் கடத்துவது நல்ல வழி. லினக்ஸ் கணினியை மக்குகளோடு கோப்புப் பகிர வைக்கும் நெட்அடோக் என்ற மென்பொருள், 2024இல் வந்த அதன் 4ஆம் பதிப்பில் அப்பிள்டோக்கைத் திரும்பவும் சேர்த்துக்கொண்டது. நூலக நிறுவனம் 2005இலிருந்து நம் அச்சுப் பிரதிகளை எண்ணிமப்படுத்தி வருகிறது, புளொப்பிகளுக்கும் அதே அக்கறை வேண்டும். புதிய கணினி ஆய்வுகூடத்துக்கு நாடா வெட்டப் பணம் தருபவர்கள், பழைய டிரைவைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கும் ஒருவருக்கு மாதச் சம்பளம் தர முன்வரவேண்டும். இல்லாவிட்டால் அவை பழைய இரும்புக்காரரிடம்தான் போகும்.

யாழ்ப்பாணத்தில் இருந்து சேர நினைப்பவர்கள் முதலில் இன்டர்நெட் இணைப்பைப் பாருங்கள். மொபைல் டாங்கிள்களில் பெரும்பாலும் பலர் ஒரே வெளி முகவரியைப் பங்கிடுவதால் வெளியிலிருந்து வரும் பொதி உங்கள் வீட்டு ரவுட்டருக்கு வந்து சேராது, ஏயுஆர்பிக்கோ இரு பக்கமும் ஒன்றையொன்று அழைக்க முடியவேண்டும். வாடகைக்கு ஒரு சிறிய கிளவுட் சேர்வர் எடுத்து அதிலேயே ரவுட்டரை ஓட்டி, வீட்டிலிருந்து அதற்கு ஒரு விபிஎன் (இன்டர்நெட்டுக்கு ஊடாகப் போகும் தனிப்பட்ட இணைப்பு) போட்டால் சரிவரும். அப்புறம், இந்தப் பொதிகள் எந்த மறைகுறியாக்கமும் இல்லாமல் போகின்றன, ஆகவே வீட்டின் மற்றக் கணினிகளைப் பிரித்து வையுங்கள், பகிரும் கோப்புறையில் யார் பார்த்தாலும் பரவாயில்லை என்பதை மட்டும் போடுங்கள்.