கோகோவுக்கு ஏன் காடு வேண்டும்?

கோகோ காட்டின் அடித்தளத்தில் வளரும் மரம். அமேசான் படுகையில், ஓங்கிய மரங்களின் இடுக்கில் விழும் வெயிலுக்கே அது பழகியது. பிரேசிலின் தெற்குப் பஹியா விவசாயிகள் அந்த இயல்பை அனுசரித்தார்கள். அட்லாண்டிக் காட்டின் பெரிய மரங்களில் பலவற்றை நிற்கவிட்டு, கீழே உள்ள புதர்களை வெட்டி, அந்த நிழலில் கோகோ நட்டார்கள். இந்த முறைக்குக் கப்ருக்கா என்று பெயர்.

நிழலோடு பல உயிர்களும் தோட்டத்துக்கு வருகின்றன. கோகோ பூக்கள் அடிமரத்திலேயே பூக்கின்றன. அவற்றுக்கு மகரந்தம் சேர்ப்பவை பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமுள்ள ஈக்கள். அவற்றின் புழுக்கள் ஈரச் சருகிலும் மட்கும் கோகோ ஓடுகளிலும் வளர்கின்றன. சருகைக் கூட்டிப் பெருக்கிவிட்டால் ஈக்கள் பெருக இடமில்லை. மகரந்தம் சேராத பூ ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். எனவே தரை பளிச்சென்று இருக்கும் கோகோத் தோட்டத்தைக் கண்டு மகிழ ஒன்றுமில்லை.

பூச்சிகளைத் தின்னும் பறவைகளும் வௌவால்களும் இன்னொரு காவல். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஆய்வாளர்கள் கோகோ மரங்களை வலையால் மூடி, பறவைகளையும் வௌவால்களையும் அண்டவிடாமல் பார்த்தார்கள். விளைச்சல் சுமார் 31 சதவீதம் குறைந்தது. 2013இல் வெளிவந்த இந்த முடிவை ஒவ்வொரு கோகோ விவசாயியிடமும் கொண்டுசேர்க்க வேண்டும்.

கப்ருக்காவின் அரிய குடிவாசி, தங்கநிறப் பிடரி கொண்ட சிங்க டாமரின் என்னும் சிறு குரங்கு. அழியும் நிலையில் உள்ள இவ்வினம் மரப்பொந்துகளில் உறங்கும்; கிளைகளில் ஒட்டி வளரும் அன்னாசிக் குடும்பத்துச் செடிகளின் இலையிடுக்கில் பூச்சி தேடும். கப்ருக்காவில் அது விரும்பி உண்ணும் பழங்களில் ஒன்று பலா! நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குரிய பலா, போர்த்துகீசியர் காலத்தில் பிரேசில் சென்று அங்கே வேரூன்றிவிட்டது.

1989இல் பஹியாவில் ஒரு பூஞ்சை நோய் பரவியது. தளிர்கள் துடைப்பம்போல் கொத்தாகக் கிளைத்துக் கருகின, விளைச்சல் சரிந்தது. கடனில் மூழ்கிய பலர் நிழல் மரங்களை விற்றார்கள். சில தோட்டங்கள் மேய்ச்சல் நிலமாயின. கோகோ வீழ்ந்தபோது காடும் சேர்ந்து வீழ்ந்தது.

கப்ருக்கா முழுமையான காடு அல்ல. கிளைகள் விலகியிருப்பதால் பருந்துகளிடமிருந்து ஒளிய டாமரினுக்கு மறைவு குறைவு. அதைவிடப் பெரிய கவலை, ஆண்டுதோறும் களை வெட்டும்போது காட்டு மரங்களின் கன்றுகளும் அரிவாளுக்கு இரையாவதுதான். முதிய மரம் சாய்ந்தால் அந்த இடத்துக்கு வர இளைய மரம் இல்லை. பொந்து விழும் அளவுக்கு ஒரு மரம் முதிரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே, களை வெட்டுமுன் கன்றுகளை அடையாளம் கண்டு, பக்கத்தில் குச்சி நட்டுக் காக்கும் வேலையை இப்போதே தொடங்க வேண்டும். அந்த உழைப்புக்கான கூலியைக் கோகோ வாங்குபவர்கள் விலையில் சேர்த்துத் தர வேண்டும்.