வலி போச்சுன்னா ஜவ்வு ரெடின்னு அர்த்தமில்லைங்க

போன வாரம் ஒரு பையன் நொண்டிக்கிட்டே பிசியோதெரபிக்கு என்கிட்ட வந்தான், பாத்ததுமே எனக்குப் புரிஞ்சு போச்சு. ஏசிஎல் (முட்டிக்குள்ள தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடிச்சு வச்சிருக்கிற ஜவ்வு) ஆபரேஷன் முடிஞ்சு நாலாவது மாசம். "வலியே இல்ல சார், அதான் சும்மா அரை மணி நேரம் ஃபுட்பால் ஆடினேன்"ங்கிறான். ஓடிட்டு சட்டுனு திரும்பும்போது டப்புன்னு சத்தம், ராத்திரிக்குள்ள முட்டி வீங்கிருச்சு. இந்த வருஷம் இது மூணாவது கேஸ், நிஜமாவே கடுப்பாகுது.

கிழிஞ்ச ஜவ்வை டாக்டர் தைச்சிட்டாரு, தையல் ஆறிட்டா வேலை முடிஞ்சுதுன்னு எல்லாரும் நினைக்கிறீங்க. ஏசிஎல்ல பெரும்பாலும் தைக்கிறதே இல்லைங்க! உங்க தொடைக்குப் பின்னாடி இருக்கிற தசைநாரையோ முட்டிச் சில்லுக்குக் கீழ இருக்கிறதையோ கொஞ்சம் எடுத்து, மேல எலும்புலயும் கீழ எலும்புலயும் துளை போட்டு உள்ள கோத்து மாட்டுறாங்க. அதுக்குப் பேரு கிராஃப்ட். ஆரம்பத்துல அதுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, அதனால மாட்டின அன்னைக்கு இருந்த பலத்தை விட ரெண்டு மூணு மாசத்துல பலம் கம்மியாத்தான் இருக்கும், அப்புறம்தான் மெல்ல மெல்ல ஜவ்வு மாதிரி மாறும். கொடுமை என்னன்னா வலி, வீக்கம் எல்லாம் அடங்கி நீங்க ஜம்முனு நடக்க ஆரம்பிக்கிறதும் கரெக்டா அந்த டைம்லதான். தழும்பு ஆறினதைக் காட்டி "நல்லாயிட்டேன்"னு சொன்னா நான் என்ன பண்றது?

ஓடித் திரும்புற விளையாட்டுக்குப் போக குறைஞ்சது 9 மாசம். அதுவும் காலண்டரை மட்டும் பாத்து இல்ல, தொடை பலம் நல்ல காலோட ஒப்பிட்டா 90 சதவீதமாவது வரணும், ஒத்தக் கால்ல குதிக்கிற டெஸ்ட்டும் பாஸாகணும்.

இன்னொன்னு, ஆபரேஷன் ஆனவங்க முட்டிக்கு அடியில தலகாணி வைக்காதீங்க, சுகமா இருக்கும், ஆனா கால் முழுசா நீளாமப் போயிடும். வைக்கணும்னா குதிகாலுக்கு அடியில வைங்க. (ஜவ்வு கிழிஞ்ச எல்லாருக்கும் ஆபரேஷன் வேணும்னும் இல்ல, முட்டியோட உள்பக்க ஜவ்வு மட்டும்னா பெரும்பாலும் முட்டியைத் தாங்குற பிரேஸ் போட்டே சரியாயிடும், அது தனிக் கதை.)

விளையாடப் போறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு உங்க பிசியோவுக்கு ஒரு ஃபோன் பண்ணுங்க. திட்டுவோம்தான், இருந்தாலும் பண்ணுங்க. அந்தப் பையனுக்கு நாளைக்கு மறுபடி எம்ஆர்ஐ.