கால்வாய் தோண்டுறதுக்கு முன்னாடி ரசமட்டத்தை எடுங்க

ரெண்டு ஆத்தை இணைக்கணும்னா நடுவுல தோண்டிவிட்டா போதாதா, எதுக்கு இத்தனை வருஷம் இழுக்குறாங்கன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். எது மேடு எது பள்ளம்னு தெரியாம தோண்டுனா தண்ணி அதுபாட்டுக்கு வேற பக்கம் போயிடும்ங்க.

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல மிடில்செக்ஸ் கால்வாய்னு ஒண்ணு. மெரிமாக் ஆத்துல இருந்து பாஸ்டன் பக்கம் சார்ல்ஸ் ஆறு வரை 27 மைல், 1793ல அனுமதி வாங்குனாங்க. வழியில பில்லெரிக்காங்கிற ஊர்ல கான்கார்ட் ஆறு குறுக்க வருது. முதல்ல அளந்த உள்ளூர்க்காரர், மெரிமாக் அதைவிட பதினாறரை அடி மேடுன்னு சொல்லிட்டார். அப்புறம் கால்வாய் கம்பெனியில இருந்த லோயம்மி பால்ட்வின் போய் வில்லியம் வெஸ்டன்னு இங்கிலாந்து இன்ஜினியரை வரவழைச்சார், 1794ல அவர் அளந்தா மெரிமாக் 25 அடி பள்ளத்துல இருக்கு!

வெஸ்டன் கையில இருந்தது லெவல் கருவி, நம்ம கொத்தனார் ரசமட்டத்து மேல ஒரு டெலஸ்கோப்பை வச்ச மாதிரி. குமிழ் நடுவுல நின்னா பார்வை மட்டமா போகுது. பின்னாடி நட்ட ஸ்டாஃப்ல (அடிக்கணக்கு குறிச்ச அளவுகோல் கம்பு) 6 அடின்னும் முன்னாடி ஸ்டாஃப்ல 4 அடின்னும் தெரிஞ்சா தரை 2 அடி ஏறிருக்கு, இப்படியே கருவியை நகத்தி நகத்தி மைல்கணக்கா போறது. எனக்கு ரொம்பப் பிடிச்சது இனிமேதான்: கருவி லேசா கோணலா மேல பாக்குதுன்னே வைங்க, ரெண்டு ஸ்டாஃபுக்கும் சரிசமமான தூரத்துல அதை நிறுத்திட்டா ரெண்டு ரீடிங்லயும் தப்பு ஒரே அளவுதான், கழிக்கும்போது தப்பே காணாம போயிடும். பூமி வளைவால ஒரு மைல் தள்ளிப் பாத்தா 8 அங்குலம் பிசகும், அதுவும் இதே கணக்குல அடிபட்டுப் போகும். காசு செலவில்லாம கிடைக்குற துல்லியம்!

ஆக கான்கார்ட்தான் உச்சி, அங்க இருந்து ரெண்டு பக்கமும் தண்ணி இறக்கி 1803ல படகு விட்டாங்க. பூஜை போட பணம் இருக்கும், சர்வேக்குன்னா மட்டும் கை வராதுங்கிறவங்க இதைக் கொஞ்சம் படிக்கணும்.

பணம் வந்த விதமும் கூத்துதான். மொத்தம் 800 ஷேர், முழுசா முன்கூட்டியே கட்ட வேண்டியதில்ல, கையிருப்பு தீரத்தீர "இன்னும் கட்டு"ன்னு நோட்டீஸ் வரும். 1817 வரைக்கும் இப்படி 100 தடவை, ஷேருக்கு 740 டாலர் கட்டுனாங்க, முதல் டிவிடெண்ட் வந்தது 1819ல, வெறும் 15 டாலர். 1835ல பக்கத்துலயே பாஸ்டன்-லோவெல் ரயில் ஓட ஆரம்பிச்சுது, அந்தத் தண்டவாளத்துக்கான கல்லையும் இந்தக் கால்வாய்லதான் ஏத்திட்டுப் போனாங்க.