புகைப்பதை நிறுத்தும் மருந்து: எதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும், எத்தனை வாரத்துக்கு வாங்க வேண்டும்

சிகரெட்டை விட மருந்து கேட்பது மருத்துவரிடம் சலுகை கேட்பதாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2005 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் உறுப்பு நாடுகள் புகையிலைப் பழக்கத்துக்குப் போதிய சிகிச்சை கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது 14ஆம் பிரிவு. மருந்துகள் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. அந்நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சிகரெட்டுக்குப் பதிலாக நிக்கோட்டினைத் தரும் மாற்று மருந்துகள் 2009இலும், நிக்கோட்டின் இல்லாத மாத்திரைகளான வரெனிக்ளினும் புப்ரோபியானும் 2021இலும் இடம்பெற்றன.

அதற்காக உடன்படிக்கையைக் காட்டி மருந்துக்கடையில் இலவசமாக வாங்கிவிட முடியாது. அது கட்டுப்படுத்துவது அரசுகளை. எந்த மருந்து, எத்தனை வாரம், யார் செலவில் என்பதை அந்தந்த நாட்டின் சுகாதாரத் துறையோ காப்பீட்டுத் திட்டமோ முடிவு செய்கிறது. எனவே மருத்துவமனையில் "மருந்து உண்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். "முழுச் சிகிச்சைக்கான 12 வாரத்துக்கும் உண்டா, அடுத்த மாதச் சீட்டுக்கு எப்போது வரவேண்டும், ஆலோசனைக்கு வந்தால்தான் மருந்து தருவீர்களா?" என்பதையும் கேளுங்கள்.

தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை, நிக்கோட்டின் சூயிங்கம் போன்றவை பல நாடுகளில் சீட்டில்லாமலே கிடைக்கும். வரெனிக்ளின், புப்ரோபியான் மாத்திரைகளுக்குப் பெரும்பாலும் சீட்டு கட்டாயம். சிலருக்கு இவை ஆபத்தாக முடியலாம், அளவும் ஆளுக்கேற்ப மாறும் என்பதுதான் காரணம்.

வரெனிக்ளின் மூளையில் நிக்கோட்டின் ஒட்டும் இடத்தில் தானும் ஒட்டிக்கொள்கிறது. அந்த இடத்தைப் பாதி மட்டும் தூண்டுவதால் ஏக்கம் குறைகிறது. இடம் அடைபட்டிருப்பதால், புகைத்தாலும் பழைய சுகம் கிடைப்பதில்லை. புகைப்பதை நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே மாத்திரையைத் தொடங்க வேண்டும். முதல் 3 நாள் தினம் ஒரு 0.5 மி.கி. மாத்திரை. 4 முதல் 7ஆம் நாள் வரை அதே மாத்திரை காலையும் மாலையும். 8ஆம் நாளிலிருந்து 1 மி.கி. இருவேளை. கணக்குப் போட்டால் 12 வாரத்துக்கு 0.5 மி.கி. 11 மாத்திரைகளும் 1 மி.கி. 154 மாத்திரைகளும் வேண்டும். ஒரு மாதத்துக்கு மட்டும் சீட்டு தந்திருந்தால், மீதி உங்கள் கைக்கு இன்னும் வரவில்லை என்று பொருள். கடைசி மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மாத்திரை கையில் வருவதற்கு முன் நிறுத்தும் தேதியை ஊருக்கெல்லாம் அறிவித்துவிடுவதும் வேண்டாம்.

வரெனிக்ளினைப் பாதியில் விட்டுவிடுபவர்களைத் துரத்துவது பெரும்பாலும் குமட்டல்தான். வெறும் வயிற்றில் போட்டால் அதிகமாகப் புரட்டலாம். சாப்பிட்ட பின் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு போட்டால் பலருக்கு அடங்கிவிடும். தூக்கத்தில் விசித்திரக் கனவுகள் வந்தால் மாலை மாத்திரையைப் படுக்கப் போகும்போது போடாமல், இரவு உணவோடு முன்னதாகப் போடலாம். அப்படியும் தாங்கவில்லையென்றால் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு உச்ச அளவே 0.5 மி.கி. இருவேளைதான். இந்த மருந்து மனநிலையைக் குலைக்கும் என்று அமெரிக்காவில் 2009இல் கடும் எச்சரிக்கை போட்டார்கள். 8,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வுக்குப் பின் 2016இல் அதை நீக்கினார்கள். பழைய பயம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் மனநிலையில் திடீர் மாற்றம் தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டியதுதான்.

புப்ரோபியான் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் மருந்து. 150 மி.கி. மெதுவாகக் கரையும் மாத்திரை, முதல் 3 நாள் ஒருவேளை, பிறகு இருவேளை. இரண்டுக்கும் இடையில் 8 மணி நேரமாவது இருக்க வேண்டும். நிறுத்தும் நாளுக்கு ஒன்றிரண்டு வாரம் முன் தொடங்குவார்கள். மறந்துபோன வேளைக்குச் சேர்த்து இரண்டாகப் போடுவதும், மாத்திரையை உடைப்பதும் பொடிப்பதும் கூடவே கூடாது: ஒரே நேரத்தில் அதிகம் இறங்கினால் வலிப்பு வரலாம். வலிப்பு நோய் உள்ளவர்கள், உணவு உண்ணுதல் சார்ந்த மனநோய் இருந்தவர்கள், மதுவைத் திடீரென நிறுத்துபவர்கள் இதை எடுக்கக் கூடாது. மனச்சோர்வுக்கு வேறு பெயரில் இதே மருந்தை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பதால், எல்லா மாத்திரை அட்டைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அட்டைகளைக் காட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பலரும் கவனிக்காதது. புகையிலுள்ள தார், சில மருந்துகளைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்கிறது. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் தணிந்து, அதே அளவு மருந்து உடலில் கூடுதலாகத் தங்கும். க்ளோசபின், ஒலான்சபின் (மனநோய் மருந்துகள்), தியோபிலின் (ஆஸ்துமா மருந்து) எடுப்பவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டிவரும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும் நிறுத்தும் தேதியை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காபியும் இந்தக் கணக்கில் சேரும். வழக்கமான அளவே குடித்தாலும் படபடப்பு வந்தால் அதைப் பாதியாக்கிப் பாருங்கள்.

கர்ப்பிணிகளுக்கும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் இந்த இரு மாத்திரைகளையும் பொதுவாக எழுதுவதில்லை.

நடுவில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டால் மாத்திரையை நிறுத்தாதீர்கள், அடுத்த வேளையை வழக்கம்போல் போடுங்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஏக்கம் அடங்கியதும் "இனி மருந்து எதற்கு" என்று தோன்றும். ஏக்கம் அடங்கியிருப்பதே மருந்து வேலை செய்வதால்தான். 12 வாரத்தில் புகைப்பதை நிறுத்தியவர்களுக்கு வரெனிக்ளினை இன்னொரு 12 வாரம் நீட்டிக்கவும் இடமிருக்கிறது. உங்கள் காப்பீட்டுத் திட்டம் அதற்குப் பணம் தருமா என்பதைப் பத்தாவது வாரத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.