எந்த இரும்பு நல்ல இரும்பு?

ஆன்லைன் கேம்களில் ஆயுதம், கவசம், மருந்து என்று செய்து விற்பவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு: "புதுசா ஒரு இரும்பு வந்திருக்கு, நல்லதா?" அனுபவமுள்ள கிராஃப்டர் உடனே பதில் சொல்ல மாட்டார். "எதுக்கு?" என்று திருப்பிக் கேட்பார். அந்த எதிர்க்கேள்விக்குள் ஒரு கணக்கே இருக்கிறது.

இந்தக் கணக்கை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸுக்குத்தான் போக வேண்டும். 2003 ஜூனில் வெளிவந்து, 2011 டிசம்பரில் மூடப்பட்ட கேம் அது. ரசிகர்கள் நடத்தும் சர்வர்களில் இன்றும் ஆடுகிறார்கள். ராஃப் கோஸ்டர் கிரியேட்டிவ் டைரக்டராக இருந்த அந்தக் குழு துணிச்சலான ஒரு முடிவை எடுத்தது: என்றைக்கும் ஒரே மாதிரி இருக்கும் இரும்பு என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு முறை தோன்றும்போதும் அதற்குப் புதுப் பெயர், புதுக் குணங்கள். கொஞ்ச காலம் கிரகத்தின் மண்ணில் கிடைக்கும், அப்புறம் மறைந்துவிடும். அதே இரும்பு மறுபடி வராது. அதற்குள் எடுத்து வைத்தவர்களிடம் இருப்பதுதான் மிச்சம்.

குணங்கள் மொத்தம் 11. ஒட்டுமொத்தத் தரம், மின்கடத்தும் திறன், வெப்பம் தாங்கும் திறன், குளிர் தாங்கும் திறன், வளைந்துகொடுக்கும் தன்மை, உறுதி என்று போகும் அந்தப் பட்டியல், சுவை வரைக்கும் நீளும். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 1000. எல்லாப் பொருளுக்கும் எல்லாக் குணமும் இருக்காது. சுவை இறைச்சிக்கு உண்டு, இரும்புக்கு இல்லை. புதியவர்கள் தடுக்கி விழுவது 'ஒட்டுமொத்தத் தரம்' என்ற இடத்தில்தான். அது மற்ற குணங்களின் சராசரி இல்லை. மற்றவற்றைப் போலத் தனியாக வரும் இன்னொரு எண், அவ்வளவுதான்.

ஒரு பொருளைச் செய்யும் ஸ்கீமேட்டிக், அதாவது அதன் செய்முறை, இந்த 11 குணங்களையும் பார்ப்பதில்லை. சிலவற்றை மட்டும், அதுவும் பெரும்பாலும் வெவ்வேறு எடை கொடுத்துப் பார்க்கிறது. எண்களை வைத்துப் பார்த்தால் விஷயம் சட்டென்று புரியும். ஒரு கருவிக்கு மின்கடத்தும் திறன் மூன்றில் இரண்டு பங்கு, ஒட்டுமொத்தத் தரம் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். கையில் இரண்டு இரும்பு. முதலாவதில் ஒட்டுமொத்தத் தரம் 910, வெப்பம் தாங்குவது 860, மின்கடத்தல் 540. இரண்டாவதில் ஒட்டுமொத்தத் தரம் 640, வெப்பம் தாங்குவது 210, மின்கடத்தல் 950. மேலோட்டமாகப் பார்த்தால் முதலாவதுதான் உயர்ந்த சரக்கு. கணக்குப் போட்டால் முதலாவதுக்கு (910 + 540 + 540) ÷ 3, அதாவது 663. இரண்டாவதுக்கு (640 + 950 + 950) ÷ 3, அதாவது 847. போட்டியே இல்லை.

இப்போது ஸ்கீமேட்டிக்கை மாற்றுங்கள். வெப்பம் தாங்குவதும் ஒட்டுமொத்தத் தரமும் பாதிப் பாதி என்றால், முதலாவது 885, இரண்டாவது 425. இரும்பு அதேதான், எண்களும் அவையேதான். தீர்ப்பு மட்டும் தலைகீழாகிவிட்டது. தரம் என்பது இரும்புக்குள் மட்டும் இருக்கும் ஒன்றில்லை, இரும்புக்கும் அதை வைத்துச் செய்யப்போகும் பொருளுக்கும் இடையில் இருப்பது. மற்ற கணக்கெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

ஸ்கீமேட்டிக்கில் மூலப்பொருள் போடும் இடங்கள், அதாவது ஸ்லாட்டுகள், பல இருந்தால் அளவும் கணக்கில் வரும். ஒரு ஸ்லாட் 30 யூனிட் உலோகம் கேட்கிறது, இன்னொன்று 10 யூனிட் வேதிப்பொருள் கேட்கிறது என்றால், உலோகத்தின் மதிப்பெண்ணை (மேலே போட்ட கணக்கின் விடையை) 100 உயர்த்தினால் மொத்தச் சராசரி 75 ஏறும். வேதிப்பொருளை அதே 100 உயர்த்தினால் 25தான். நேரமோ பணமோ குறைவாக இருக்கும்போது எங்கே செலவழிப்பது என்பதை இதுவே சொல்லிவிடும்.

இன்னொரு நுணுக்கம் உச்ச வரம்பு. ஒவ்வொரு உலோக வகைக்கும் ஒவ்வொரு குணத்திலும் ஒரு வரம்பு உண்டு. எல்லா வகையும் 1000 வரை ஏற முடியாது. ஒரு வகை இரும்புக்கு மின்கடத்தும் திறன் 650க்கு மேல் வராது என்றால், அதில் 640 என்பது பொக்கிஷம். ஸ்கீமேட்டிக் அந்த வகையைத்தான் வேண்டும் என்று கேட்டால், உங்களைவிடச் சிறப்பாக எவராலும் செய்துவிட முடியாது. ஆனால் "ஏதோ ஓர் உலோகம்" என்று கேட்டால், வரம்பு அதிகமுள்ள வேறொரு உலோகத்தின் சாதாரண 700கூட அந்த 640ஐத் தோற்கடித்துவிடும். எண்ணைப் பார்ப்பதற்கு முன் ஸ்லாட் என்ன கேட்கிறது என்று பாருங்கள்.

மண்ணில் எங்கே என்ன கிடைக்கும் என்று தேடும் சர்வே டூல் காட்டும் செறிவுக்கும் இந்தத் தரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. செறிவு என்பது அந்த இடத்தில் ஹார்வெஸ்டர் என்ற தோண்டும் இயந்திரம் எவ்வளவு வேகமாக அள்ளும் என்பது மட்டுமே. நிமிடத்துக்கு 10 யூனிட் எடுக்கக்கூடிய இயந்திரம் 80 சதவீதச் செறிவில் 8 எடுக்கும். 90 சதவீதத்தில் கிடைப்பது மட்டமான இரும்பாகவும் இருக்கலாம், 30 சதவீதத்தில் கிடைப்பது அபூர்வமானதாகவும் இருக்கலாம்.

நல்ல சரக்கு கிடைத்தால் மட்டும் நல்ல பொருள் வந்துவிடாது. மூலப்பொருளின் மதிப்பெண், பொருளின் குணத்தை எதுவரை உயர்த்தலாம் என்ற எல்லையைத்தான் போடுகிறது. அந்த எல்லையை எட்டுவது கிராஃப்டரின் திறமை, பொருளின் குணத்தை உயர்த்த அவர் செலவிடும் எக்ஸ்பெரிமென்டேஷன் பாயின்ட்டுகள், கொஞ்சம் அதிர்ஷ்டம். அதனால் பாயின்ட்டுகள் குறைவாக உள்ள புதியவர் உச்சத் தரச் சரக்கை எடுத்துப் பயன்படுத்துவது எனக்கு வருத்தமாகவே இருக்கும். எட்ட முடியாத எல்லைக்காகத் திரும்ப வராத ஒன்றைக் கரைக்கிறார்.

சரி, அபூர்வம் என்றால் எவ்வளவு அபூர்வம்? ஒவ்வொரு குணமும் 1 முதல் 1000 வரை சம வாய்ப்போடு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வருவதாக எளிமையாக வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு குணத்தைப் பார்க்கும் ஸ்கீமேட்டிக்குக்கு 900க்கு மேல் மதிப்பெண் வர வாய்ப்பு 10-இல் 1. இரண்டு குணங்களைச் சமமாகப் பார்த்தால் 50-இல் 1. மூன்று என்றால் ஏறத்தாழ 220-இல் 1. ஒரு குணத்தின் குறையை இன்னொன்று ஈடுகட்டலாம் என்ற சலுகையோடும் இப்படி! இரண்டு குணமுமே தனித்தனியாக 900ஐத் தாண்ட வேண்டும் என்றால் 100-இல் 1, மூன்றும் தாண்ட வேண்டும் என்றால் 1000-இல் 1. பல குணங்களைக் கேட்கும் ஸ்கீமேட்டிக்குகளின் சரக்கு விலை உயர்ந்துகொண்டே போவதற்குக் காரணம் இதுதான்.

இதைவிட எனக்குப் பிடித்த கணக்கு சாதனைகளைப் பற்றியது. ஒரு ஸ்கீமேட்டிக்குக்கு இதுவரை வந்ததிலேயே சிறந்த இரும்பு இப்போது வந்திருக்கிறது. எவ்வளவு சேர்த்து வைப்பது? 10 முறை இரும்பு வந்திருந்தால், அந்தப் பத்தில் எது சிறந்ததாகவும் இருக்கலாம். எனவே பத்தாவதாக வந்ததே சிறந்ததாக இருக்க வாய்ப்பு 10-இல் 1. நூறாவதுக்கு 100-இல் 1. இந்த வாய்ப்புகளையெல்லாம் கூட்டினால், முதல் 10 முறையில் சராசரியாக 3 சாதனைகள் வரும். அதற்கடுத்த 90 முறையில் 2 சாதனைகளைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். சர்வர் பழசாகப் பழசாகச் சாதனை அரிதாகிறது.

இதிலிருந்து கைக்கு உதவும் ஒரு விதி கிடைக்கிறது. நாற்பதாவதாக வந்த இரும்பு சாதனை படைத்திருந்தால், அடுத்த 40 முறைக்குள் அதைவிடச் சிறந்தது வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. எந்த எண்ணுக்கும் இது பொருந்தும். அதாவது சர்வரின் வயது எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு காலத்துக்கான சரக்கைச் சேர்ப்பது நியாயம். சர்வர் திறந்த முதல் வாரத்தில் "இதுதான் உச்சம்" என்று கிடங்கை நிரப்புவது அவசரம். ஓராண்டு கழித்து வரும் சாதனையைக் கொஞ்சமாக எடுத்துவிட்டு விடுவது அதைவிடப் பெரிய இழப்பு. அந்த நேரத்தில் இருக்கிற எல்லா ஹார்வெஸ்டரையும் அங்கே நட வேண்டும்.

எல்லா கேமும் இவ்வளவு தூரம் போவதில்லை. ஃபைனல் ஃபேன்டசி 14-இல் சேகரிக்கும் பொருளுக்குச் சாதாரணம், உயர்தரம் என்று இரண்டே நிலை இருந்தது. 2021 டிசம்பரில் வந்த எண்ட்வாக்கர் என்ற விரிவாக்கத்தோடு, சேகரிக்கும் பொருள்களில் அந்த உயர்தரமும் போய்விட்டது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் எதிர்த் திசையில் நடந்தது. 2022 நவம்பரில் வந்த டிராகன்ஃபிளைட் விரிவாக்கத்தில் மூலப்பொருள்களுக்கு 3 தரநிலைகளும், செய்து முடித்த ஆயுதம், கவசங்களுக்கு 5 நிலைகளும் வந்தன. இங்கே கணக்கின் வடிவம் வேறு. கேலக்ஸீஸில் ஒவ்வொரு புள்ளி உயர்வும் பொருளில் கொஞ்சமாவது தெரியும், டிராகன்ஃபிளைட்டில் படிகள்தான். மூலப்பொருளின் தரம் உங்கள் திறனோடு கூடி அடுத்த படியின் வரம்பைத் தொட்டால் பலன், தொடாவிட்டால் அந்தக் கூடுதல் தரத்தால் பொருள் ஒரு நிலைகூட ஏறாது. அதனால் அங்கே புத்திசாலி கிராஃப்டர் எல்லா ஸ்லாட்டிலும் மூன்றாம் நிலைச் சரக்கைக் கொட்டுவதில்லை. அதிக எடையுள்ள ஸ்லாட்டில் மட்டும் நல்லதைப் போட்டு, வரம்பைத் தொட்டதும் மற்ற ஸ்லாட்டுகளை மலிவான முதல் நிலைச் சரக்கால் நிரப்பிவிடுவார்.